எங்கள் வீட்டுத் தண்டல் வட்டிக்கு விட்டவர் இல்லை

2025-இல் கடற்படையின் சிவில் பிரிவு வேலைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கடற்படைப் படகுகளில் வேலை பார்க்க ஆள் வேண்டும், பத்தாவது படித்திருந்தால் போதும். எங்கள் தெருப் பையன்கள் எல்லோருடைய வாட்ஸப்பிலும் அது சுற்றியது. மணலி புதுநகரில் வேலை என்றால் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் காண்டிராக்ட் கூலி, இல்லாவிட்டால் கண்டெய்னர் யார்டு, அதுவும் இல்லாவிட்டால் எண்ணூர்த் துறைமுகத்தில் ஏதாவது ஒன்று. மத்திய அரசு வேலை என்றால் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுப் பையன் போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"ணா, சிராங் ஆஃப் லஸ்கார்ஸ்னு போட்டுகிறான். கீழ லஸ்கார்னு ஒண்ணு, டோபாஸ்னு ஒண்ணு. இன்னா ணா இதெல்லாம்? கப்பல் பேரா?"

பதவிப் பேர்டா என்றேன். லஸ்கர் என்றால் படகில் கயிறு பிடிப்பது, நங்கூரம் போடுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் செய்கிற ஆள். அந்த ஆட்களுக்குத் தலைவன் சிராங். பழைய தமிழில் சாரங்கு. டோபாஸ் என்றால் துப்புரவுப் பணி. பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். "அப்போ சிராங்குக்கே போட்டுர்றேன் ணா." அதற்குத் தனியாக சிராங் சான்றிதழ் வேண்டும், பதிவு செய்த படகு ஒன்றைப் பொறுப்பில் வைத்து ஓட்டிய அனுபவமும் வேண்டும் என்று படித்துக் காட்டினேன். லஸ்கருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், கப்பலில் கொஞ்சம் அனுபவமும் வேண்டும். முகம் தொங்கிப்போய் வீட்டுக்குப் போனான்.

அவன் போன பிறகும் நான் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரங்குக்கு அடுத்து வரவேண்டிய ஒரு பதவி அதில் இல்லை. தண்டல். என் அம்மாவின் அப்பா தூத்துக்குடியில் தண்டலாக இருந்தவர்.

இதை மணலியில் சொல்லக் கூடாது. நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் என் அம்மா பெருமையாக, "எங்க அய்யா தண்டலு" என்று சொல்லிவிட்டாள். அந்த அக்கா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நூறு நாளாம்மா, வாரக் கணக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். வடசென்னையில் தண்டல் என்றால் தினவசூல் கடன். பத்தாயிரம் என்று சொல்லி முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். பிறகு சாயங்காலம் ஆனால் நோட்டும் பையுமாக வண்டியில் வந்து நிற்பார்கள். பூக்கடை, இட்லிக்கடை, மீன்கூடை எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. இந்தத் தண்டலும் நல்ல பழைய தமிழ்தான். வரி தண்டுவது என்கிறோம், நகராட்சியில் வரித்தண்டலர் என்று ஒரு பதவியே உண்டு. கடல் தண்டல் வேறு வேரிலிருந்து வந்தது. தாத்தா கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருந்தபோது, ஏதோ ஒரு விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் தண்டல் என்று சொல்ல, எழுதியவர் 'பைனான்ஸ்' என்று எழுதிவிட்டார். தாத்தா அதைத் திருத்தச் சொல்லவில்லை. "விடுல, வட்டிக்குக் கேட்டு எவனும் வராம இருந்தாச் சரி" என்றார்.

தூத்துக்குடியில் தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் வள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். 300 டன் சரக்கு ஏற்றும் மரக்கப்பல் அது. 1974-இல் புதிய துறைமுகம் வருகிற வரை தூத்துக்குடிக் கரை ஆழம் இல்லாத கரை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்குச் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றியதும் அவற்றிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததும் தோணிகள்தான். அந்த வேலை போக, சொந்தமாகக் கொழும்புக்கும் ஓடும். சுமார் 150 கடல்மைல். வெங்காயம், வத்தல், ஓடு, கருவாடு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னாளில் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போயின. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் தாத்தா வீட்டில் இருப்பார், அம்மாவுக்கு அப்பாவைத் தெரிந்ததே அப்போதுதான்.

இந்தத் தோணியின் தலைவர் தண்டல். மாஸ்டர், கேப்டன் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், எல்லாம் அவர் ஒருவர்தான். பாய் இருந்த காலத்தில் அவரிடம் வரைபடம் கிடையாது, செக்ஸ்டன்ட் கிடையாது. ஒரு திசைகாட்டி இருக்கும். மற்றபடி காற்று. வடக்கேயிருந்து வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோழகம், மேற்கேயிருந்து கச்சான். அதன் அடியில் ஓடும் நீவாடு, அதாவது நீரோட்டம். இரவில் ஆறாமீன் கூட்டமும் வடக்கே அசையாமல் நிற்கும் வெள்ளியும். கரை நெருங்குகிறது என்று சந்தேகம் வந்தால் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். ஆழம் தெரியும். குண்டின் அடியில் மெழுகோ கொழுப்போ தடவியிருந்தால் கடலடி மண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்தால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பழகிய தண்டலுக்குத் தெரிந்துவிடும். தாத்தா அதை மோந்து பார்ப்பார் என்று ஆச்சி சொல்வாள். மோந்து பார்த்து என்ன தெரியும் என்று ஆச்சியால் சொல்ல முடியவில்லை. தாத்தாவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று. தோணிக்கு முதலாளி வேறு ஆள். சரக்குக்குச் சொந்தக்காரர் இன்னொரு ஆள். ஆனால் இன்றைக்குப் பாய் விரிக்கலாமா வேண்டாமா, பாதியில் வானம் கறுத்தால் போவதா திரும்புவதா என்று சொல்லும் உரிமை தண்டலுக்கு மட்டும். முதலாளி கரையில் நின்று கையைப் பிசையலாம். அவ்வளவுதான். கடலில் பாரம் அதிகமாகித் தோணி தாழ்ந்தால் சரக்கை எடுத்து வீசச் சொல்கிற அதிகாரமும் அவருக்கே. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. பாய்க்கப்பலை நடத்துகிற, அல்லது அதற்குப் பொறுப்பாக இருக்கிற ஆள் 'தண்டல்' என்று சட்டத்தின் சொல்விளக்கப் பகுதியிலேயே இருந்தது. மற்றக் கப்பல்களுக்கு மாஸ்டர், பாய்க்கப்பலுக்குத் தண்டல். டெல்லியில் உட்கார்ந்து எழுதிய சட்டத்தில் எங்கள் ஊர்ப் பட்டம் ஒன்று ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 2025-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துவிட்டது. தோணித் தண்டல்களின் உலகத்தைக் கதையாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஜோ டி குருஸின் 'கொற்கை'யை எடுங்கள். 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம்.

தண்டல் எங்கள் ஊர்ச் சொல் என்றேன். எங்களுக்கு மட்டும் சொந்தமா என்றால் இல்லை. மலையாளத்தில் தண்டல், தெலுங்கில் தண்டேலு, மராத்தியிலும் குஜராத்தியிலும் தண்டேல். துடுப்புக்குத் தண்டு என்று ஒரு பெயர் உண்டு, தண்டு வலிப்பவர்களின் தலைவன் தண்டல் என்று ஒரு கட்சி. வடக்கே ஆட்களின் வரிசைக்கு, கூட்டத்துக்குச் சொல்லும் தாண்டா என்பதிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலேயே இந்த வழக்கு ஆரம்பித்துவிட்டது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவராலேயே தீர்க்க முடியாத வழக்கில் நான் தலையிடப் போவதில்லை.

சுவாரசியம் சொல்லின் பிறப்பில் இல்லை, அது எந்தப் படியில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யில் கப்பல் ஆட்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அபுல் ஃபசல் எழுதியது. நம் காதுக்கு அதில் பாதிச் சொல் பழகியவை. முதலில் நாகுதா, கப்பலின் சொந்தக்காரர். அடுத்து முஅல்லிம். கடலின் ஆழமும் மேடும் தெரிந்தவர், வானசாத்திரம் படித்தவர், கப்பலை ஊர் சேர்க்கிறவர். நம் 'மாலுமி' இதுதான். அரபியில் ஆசிரியர் என்று பொருள். நாம் அதை இறக்கி, கப்பலில் ஏறுகிற எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டோம். லட்சத்தீவில் மட்டும் கப்பலோட்டிச் சமூகத்துக்கே மால்மி என்று பெயர். மூன்றாவது தண்டேல், கலாசிகளின், அதாவது கப்பல் தொழிலாளிகளின் தலைவன். ஐந்தாவதாக வருகிறவர் சர்ஹங், அதாவது சாரங்கு. கப்பலைக் கரை சேர்ப்பதும் கட்டுவதும் அவர் பொறுப்பு, பல சமயம் முஅல்லிமுக்குப் பதிலாள். பிறகு பண்டகசாலையைப் பார்க்கும் பண்டாரி. ஏழாவதாக கரானி, கணக்கெழுதுகிறவர், பயணிகளுக்குத் தண்ணீர் அளந்து ஊற்றுவதும் அவரே. நான் கண்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலையில் இருப்பவன் என்பதால் என் ஆதி மூதாதை இவர்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சுக்கான் பிடிக்கும் சுக்கானிகள் ஒரு கப்பலில் பலர் இருக்கலாம், ஆனால் இருபதைத் தாண்டக் கூடாது. பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று கரையோ கப்பலோ புயலோ தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆள். உள்ளே கசியும் தண்ணீரை இறைத்துக் கொட்டத் தனியாக ஆட்கள்.

இந்த வரிசையில் தண்டல் மூன்றாவது, சாரங்கு ஐந்தாவது. இதையே எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரர்களின் கப்பலுக்கு வாருங்கள். அங்கே சாரங்குதான் நம் ஆட்களில் பெரியவர், தண்டல் அவருக்கு அடுத்தபடி, ஆங்கிலேயர்கள் போசன் மேட் என்று சொல்கிற இடத்தில். முதல் தண்டல், இரண்டாம் தண்டல் என்று பங்கு வேறு. அவர்களுக்குக் கீழே சுக்கானி, விளக்கும் பெயிண்டும் கயிறும் பார்க்கிற கசாப், பிறகு லஸ்கர்கள். எஞ்சின் அறையில் இன்னொரு சாரங்கு, இன்னொரு தண்டல். உலையில் கரி வாரிப் போடுகிறவன் ஆக்வாலா, கரியைத் தள்ளிக் கொண்டுவருகிறவன் கோயலாவாலா. முதல் உலகப்போர் தொடங்கும் காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 50,000 லஸ்கர்கள் இருந்தார்கள்.

முஅல்லிமின் இடத்துக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் வந்துவிட்டார்கள். நட்சத்திரம் பார்க்கிற வேலை அவர்களுடையது. சாரங்கு மேலே போனதற்குக் காரணம் கடல் அறிவு இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கிற திறமை. பல சாரங்குகள் தங்கள் ஊர், உறவு என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார்கள். வேலை வாங்கித் தந்ததற்குச் சம்பளத்தில் பங்கும் எடுப்பார்கள். கல்கத்தாவில் இதற்கென்றே கரையில் இருந்துகொண்டு ஆள் அனுப்புகிற காட் சாரங்குகள் இருந்தார்கள். கப்பலில் நம் ஆட்களின் மொழி, அதிகாரியின் மொழி என்று இரண்டையும் தெரிந்தவனுக்குத்தான் மவுசு. 1811-இலேயே கல்கத்தாவில் தாமஸ் ரோபக் என்பவர் ஆங்கில-இந்துஸ்தானிக் கப்பல் அகராதி ஒன்றை வெளியிட்டார், கட்டளை போடத் தெரியாமல் தவித்த அதிகாரிகளுக்காக. அமிதாவ் கோஷ் 'சீ ஆஃப் பாப்பீஸ்' (2008) நாவலில் செராங் அலி பேசுகிற கதம்ப மொழிக்கு இந்த மாதிரி அகராதிகள்தான் ஊற்று.

தண்டல் அந்தக் கப்பலில் என்ன சொல்ல முடியும்? இழு என்றால் இழுக்கச் சொல்லலாம். நிறுத்து என்று சொல்ல முடியாது.

டோபாஸ் பற்றிக் கேட்கிறீர்களா? அது ஒரு சோகக் கதை. பழைய சென்னையில் தொப்பாஸ் என்றால் போர்ச்சுக்கீசிய வம்சாவளியும் கிறிஸ்தவப் பெயரும் கொண்ட, துப்பாக்கி பிடிக்கும் சிப்பாய். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைப் படையில் அவர்கள் இருந்தார்கள். தொப்பி போட்டவன் என்பதால் தொப்பாஸ், இரண்டு மொழி தெரிந்த துபாஷி என்பதால் தொப்பாஸ் என்று இரண்டு விளக்கம். அதே பெயர் கப்பலுக்குப் போனதும் கழிப்பறை கழுவுகிற ஆளுக்குப் பெயராயிற்று. அந்த வேலைக்கு யாரை ஏற்றினார்கள் என்று நம் நாட்டில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அரசாங்கம் இன்னும் இந்தப் பெயரிலேயே விளம்பரம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சிராங்கையும் லஸ்கரையும் வைத்துக்கொள்ளட்டும், இதை எடுத்துவிடலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வியாபாரம் நடந்தது. இரும்புத் தூண்களில் கடலுக்குள் நீண்ட முதல் பாலம் 1861-இல் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகு பல வருஷமும், கப்பல் தூரத்தில் நிற்க, ஆளும் சரக்கும் அலைமேல்தான் கரைக்கு வந்தாக வேண்டும். சென்னை அலை எப்படி மடங்கி விழும் என்று காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆணி அடித்த படகு அதில் ஒரே அடியில் பிளந்துவிடும். அதனால் மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்துக் கட்டியது. உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டம் கிடையாது. அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஓர் ஆள் இறைத்துக்கொண்டே இருப்பான். பாண்டிச்சேரிப் பக்கம் இதே வகைக்குச் சலங்கு என்று பேர்.

எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ துடுப்புப் போட, பின்புறம் நீண்ட துடுப்பைப் பிடித்து நின்றுகொண்டு படகைத் திருப்புகிறவர் தண்டல். ஆம், இங்கேயும் அதே பெயர்தான். ராயபுரத்தில் குடியிருந்த படகோட்டிகள் இவர்கள். ராயப்பர் என்றால் பேதுரு, மீனவர்களுக்குப் பாதுகாவலர், அவர் பெயரில்தான் ராயபுரம் என்பார்கள்.

தண்டலின் வேலை காத்திருப்பது. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்காக மடங்கும் அலைக்கு இந்தப் பக்கமே படகை நிறுத்தி வைத்திருப்பார். உள்ளே ஒரு புதுக் கவர்னர் இருக்கலாம், அவர் மனைவி இருக்கலாம், இங்கிலாந்திலிருந்து முதல்முறை வருகிற, கோட்டுப் போட்ட, வாந்தி எடுத்து ஓய்ந்த ஒரு எழுத்தர் இருக்கலாம். யாரும் வாயைத் திறக்க முடியாது. தண்டல் குரல் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து வலிப்பார்கள், கத்தலும் பாட்டுமாக. ஒரு நொடி பிந்தினால் அலை பின்னாலிருந்து தூக்கிக் கவிழ்க்கும். படகைச் சுற்றிக் கட்டுமரங்கள் கூடவே வரும், தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவதற்காக. அலை மிக மோசமாக இருக்கும் நாளில் கரையிலிருந்த மாஸ்டர் அட்டெண்டன்ட் அலுவலகம் கொடியேற்றி எச்சரிக்கும். கொடி ஏறாத நாளில் முடிவு தண்டலுடையது. கம்பெனி ராஜ்யத்தின் ஒரு மாகாணத் தலைநகரில், கம்பெனியின் பெரிய மனிதர்கள் ஒரு தமிழ்ப் படகோட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு, நனைந்துபோய், பேசாமல் உட்கார்ந்திருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இந்தப் படகுப் பயணத்தை எழுதாமல் விடவில்லை. படகோட்டிகள் அதிகக் காசு கேட்டார்கள் என்றும் மறக்காமல் எழுதிவைத்தார்கள்.

1881-இல் புயல் பாதி கட்டிய துறைமுகத்தைப் புரட்டிப் போட்டது. 1904-இல் வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அதைச் சரியான துறைமுகமாக்கினார். படகுத் தண்டல்களின் காலம் முடிந்தது. துறைமுகத்துக்குள்ளேயே இழுவைப் படகிலும் மிதவையிலும் சிறு பதவியாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடலை விட்டு இறங்கிய தண்டல்களும் உண்டு. இந்தக் கிளைக்கதை எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சிங்கப்பூரில் 1825-இலிருந்து 1873 வரை நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் இருந்தார்கள், சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும். சிறைக் காவலுக்கு ஆள் போட்டால் செலவு. அதனால் நன்னடத்தைக் கைதிகளையே மற்றக் கைதிகளுக்குக் காவலாக்கினார்கள். அந்தப் பதவிகளின் பெயர்கள் பியூன், தண்டல், தபேதார். அங்கே பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்த மக்நேர், இதைப் பற்றி 1899-இல் ஒரு புத்தகமே எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர்கள் என்பதுதான் அதன் தலைப்பு. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தக் கைதிகள் கட்டியது. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த மதராஸ் சுண்ணாம்பு அதன் சுவரில் இருக்கிறது. அந்தமான் சிறையிலும் கைதி அதிகாரிகளில் ஒரு படிக்குத் தண்டல் என்றே பெயர். கையில் தடி இருக்கும், அடிக்கலாம். சாயங்காலம் ஆனதும் அவனையும் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கங்காணி, தண்டல், கிராணி, துரை என்று ஓர் ஏணி. தண்டல் என்றால் ஆட்களை வேலைக்கு விரட்டுகிற மேற்பார்வையாள். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர். என் மூதாதை கரானி கப்பலிலிருந்து இறங்கி ரப்பர் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார் பாருங்கள். மலாய் மொழியிலும் கிராணி அப்படியே இருக்கிறது.

லஸ்கரும் நிலத்துக்கு வந்தவர்தான். புழல் ஏரிப் பக்கம் போனால் பொதுப்பணித்துறையில் மதகு திறக்கிற, கரை பார்க்கிற ஊழியருக்கு லஸ்கர் என்று பேர். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் சேனை. சேனையிலிருந்து பீரங்கிக்கு, அங்கிருந்து கப்பலுக்கு, அப்புறம் ஏரி மதகுக்கு. கல்லூரியில் என்சிசி-யில் இருந்தவர்களுக்கு யூனிட் லஸ்கர் ஒருவர் நினைவில் இருப்பார், ஷூ அளவு கேட்டால் முறைக்கிற ஆள்.

தண்டல் தலைவராகவே நிலைத்த ஒரு கரை யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறை. அங்கே தண்டையல் என்பார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கி, தன் மனைவி பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறைத் தமிழர்கள் அதைச் சூயஸ் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் கொண்டுபோய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். இதைச் சொன்னால் தாத்தா உதட்டைப் பிதுக்குவார். அட்லாண்டிக்கில் காற்று ஒரே பக்கமிருந்து அடிக்குமாம், மன்னார் வளைகுடா மாதிரி மாற்றி மாற்றி அடிக்காதாம். அவர் அட்லாண்டிக்கைப் பார்த்ததில்லை. பொறாமை என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரியில் 'தண்டேல்' படம் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் போனோம். ஸ்ரீகாகுளத்து மீனவர்கள் குஜராத்துக்குப் பிழைக்கப் போய், 2018-இல் பாகிஸ்தானிடம் சிக்கிய நிஜச் சம்பவத்தை வைத்து எடுத்தது. நாக சைதன்யா, சாய் பல்லவி. காதல் கதை கொஞ்சம் நீளம். ஆனால் படகின் தலைவனைத் தண்டேல் என்று கூப்பிடும்போதெல்லாம் என் அம்மா என் கையைக் கிள்ளினாள். குஜராத் கரையில் இது குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது.

காசிமேட்டில் இந்தச் சொல் இல்லை. விசைப்படகின் தலைவர் அங்கே டிரைவர். கேரளத்தில் அதே ஆள் சிராங்கு, கன்னியாகுமரியிலிருந்து அங்கே போய்த் தொழில் செய்கிறவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நம் பக்கம் லாரிக்கும் படகுக்கும் ஒரே பேர். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓட்டுகிறவன் டிரைவர், சரி. மீன் எங்கே என்று தெரிந்து, வலையை எப்போது விடுவது என்று சொல்லி, எட்டுப் பத்து உயிரைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவருக்கு வேறு பெயர் வேண்டாமா? தெரிந்த டிரைவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தண்டல் யார், முதலாளியே வாய் திறக்க முடியாமல் எப்படி நிற்பார் என்று தாத்தா கதையை எல்லாம் விரித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"பேர் நல்லாத்தான்கீது சார்," என்றார். "ஆனா எங்க ஓனரு வயர்லெஸ்ல கூப்ட்டுக்கினே இருப்பாரு. காத்து ஏறுது திரும்பிறட்டான்னு கேட்டா, இன்னும் ரெண்டு வலை உட்டுட்டு வாம்பாரு. டீசல் போட்டது அவுரு. நான் இன்னா சொல்றது?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஐஸ் இறக்கப் போனார்.